மாரியில் வளவுக்கு மூடாக்கு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எனக்கு நாலு பரப்பு (கால் ஏக்கர்) வளவு, அதாவது வீட்டோடு சேர்ந்த காணி. செம்மண், ஒரு கிணறு, இரண்டு மா, ஒரு பலா, பின்பக்கம் பனைகள், சுற்றிவரப் பூவரசும் கிளுவையும் நிற்கும் வேலி, மூன்று ஆடு, எண்ணி முடியாத கோழி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றபின் என் பொழுது இதற்குள்தான் போகிறது. சருகை நான் எரிப்பதில்லை. மரத்தடியிலும் பாத்தியிலும் பரப்பிவிடுவேன். அதைக் கண்டவர்கள் ஒழுங்கையிலும் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். மாரி தொடங்கினால் கேள்விகளும் தொடங்கிவிடும். ஆளாளுக்குச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதிவைத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மூடாக்கு எண்டால் என்ன ரீச்சர்? குப்பை போடுறதுதானே?

மண்ணை வெறுமனே விடாமல் எதையாவது கொண்டு மூடுவது. சருகு, வைக்கல், வெட்டிய புல், ஓலை, தும்பு, பொலித்தீன்கூட. பாடப்புத்தகத்தில் இதற்குப் பத்திரக்கலவை என்று பெயர். அந்தப் பெயரைப் பாடமாக்கிய பிள்ளைகள் வளவில் அதைச் செய்து நான் கண்டது குறைவு. தமிழகத்துக் காணொளி பார்ப்பவர்கள் மூடாக்கு என்கிறார்கள். வாய்க்கு இலகுவாக இருப்பதால் நானும் அதையே எழுதுகிறேன்.

குப்பை ஒரு மூலையில் குவியும், மூடாக்கு பரந்து கிடக்கும். எருவைப் போல இதை மண்ணுக்குள் கொத்திக் கலப்பதும் இல்லை. மேலேயே கிடந்து, அடிப்பக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உக்கும்.

மழை பெய்யிற காலத்தில என்னத்துக்கு மூடுறியள்? கோடையிலதானே மண் காயும்?

அதிகம் கேட்கப்பட்டது இதுதான், ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன். குடாநாட்டில் எங்களுக்கு ஆறு இல்லை. மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றைத்தான் ஆறு என்கிறோம். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மண்ணுக்குக் கீழே இருக்கும் சுண்ணக்கல் அதைக் குடித்து வைத்திருக்கிறது. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்த மழையைத்தான்.

சரி, அந்த மழை வெறும் மண்ணில் விழும்போது என்ன நடக்கிறது என்று ஒருநாள் குடை பிடித்து நின்று பாருங்கள். துளி குத்திய இடத்தில் மண் சிதறும். சிதறிய நுண்துகள் மண்ணின் துவாரங்களை அடைக்கும். அடுத்த நாள் வெயில் எறித்தால் மேலே அப்பளம் போல ஒரு படை காய்ந்து நிற்கும். அதற்கடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல், தேத்தண்ணி நிறத்தில் ஒழுங்கைக்கு ஓடும். ஓடுவது தண்ணீர் மட்டுமல்ல, வளவின் மேல்மண்ணும்தான். சருகு கிடந்தால் துளியின் அடி சருகில் விழும், தண்ணீர் சத்தமில்லாமல் கீழே இறங்கும். இன்னொன்று, தக்காளிக்கும் மிளகாய்க்கும் மாரியில் அடியிலைகளில் புள்ளி விழுந்து கருகுமே, அந்த வருத்தங்களில் பல சேறு தெறித்துத்தான் இலைக்கு ஏறுகின்றன. தெறிப்பு நின்றால் அவையும் குறையும்.

தை பிறக்க மழை நின்றுவிடும். அப்போது அதே மூடாக்கு வேறு வேலை பார்க்கிறது: கார்த்திகையில் உள்ளே விட்ட தண்ணீரை மாசியில் வெளியே விடாமல் மறித்து வைத்திருக்கிறது. மூடாத வெண்டிப் பாத்திக்கு நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை இறைத்த காலத்தில், பக்கத்தில் மூடிய பாத்திக்கு நாலு நாளைக்கு ஒருமுறை போதுமாக இருந்தது. சித்திரை வெயிலில் காய்ந்துபோன மண்ணின் மேல் சருகைப் போடுகிறவர்கள் வெறும் வறட்சியைத்தான் மூடுகிறார்கள்.

கனடாவில எங்கட தங்கச்சி ஸ்நோவுக்கு முதல் எல்லாத்தையும் மூடுறாளாம். இஞ்ச ஸ்நோ இல்லையே, பேந்தேன்?

தங்கச்சி செய்வது அவளுடைய ஊருக்குச் சரி. அங்கே மண் உறையும், இளகும், மறுபடி உறையும். அப்படி மாறிமாறி வரும்போது மண் உப்பி வேரைக் கிளப்பி வெளியே தள்ளிவிடும். உள்ளிக்கும் (வெள்ளைப்பூண்டு) ஸ்ட்ரோபெரிக்கும் மேல் அவர்கள் வைக்கல் போடுவது மண்ணைச் சூடாக்க என்று பலர் நினைக்கிறார்கள். உறைந்த மண் இடையில் இளகாமல் உறைந்தபடியே கிடக்கட்டும் என்பதுதான் முக்கிய காரணம்.

எங்களுக்கு மார்கழி இரவில் இருபது பாகைக்குக் கிட்ட இறங்கினாலே கூதல் என்று போர்வை தேடுகிறோம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி இருக்கிறதுதான், ஆனால் எங்கள் பனி வெறும் ஈரம். அதனால் பூசணி இலையிலும் பாகல் இலையிலும் சாம்பல் பூத்தது போல ஒரு நோய் படரும். அதை மூடாக்கு தடுக்காது. எனவே தங்கச்சியின் மாதத்தையும் அளவையும் அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம்.

அப்ப எப்ப போடுறது? மாதம் சொல்லுங்கோ.

மரங்களுக்கு ஐப்பசியில், இரண்டு மூன்று மழை மண்ணை நன்றாக நனைத்த பிறகு. அதற்கு முன் போட்டால் வரும் தூறலைச் சருகே குடித்துவிடும், மண்ணுக்குப் போய்ச் சேராது. நாற்று நடும் பாத்திக்கு, நட்டு இரண்டு கிழமையில் தண்டு கொஞ்சம் முற்றியபின். கரட், பீட்ரூட், கீரை போல விதை தூவும் பாத்திக்கு, முளைத்து நாலு இலை கண்டபின். முளைக்க முதல் மூடினால் விதையையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள்.

மார்கழிக் கடைசியில் மழை ஓயும் குணம் தெரியும்போது இரண்டாம் தடவை. ஒரு தடவைதான் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பொங்கலுக்கு முற்றம் மெழுகுகிற கிழமை என்று நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். மாசி, பங்குனியில் வேம்பு தானாக இலை கொட்டும், அது கூலியில்லாத மூன்றாம் தடவை.

எத்தினை அங்குலம் போடவேணும்?

காய்ந்த சருகென்றால் நாலு அங்குலம். ஒரு மழையில் அது இரண்டாகப் படிந்துவிடும். வைக்கலும் அப்படியே. வெட்டிய பச்சைப் புல் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தடிப்பாகப் போட்டால் உள்ளே சூடாகி அழுகி நாறும். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். மரத்தின் அடியில் கோபுரம் போலக் குவிப்பவர்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன். மாரி முழுவதும் பட்டை ஈரமாக இருந்தால் அழுகும். நடுவில் பள்ளம், ஓரத்தில் உயரம், தோசைக்கல் போல இருக்கவேண்டும்.

எந்த மரத்துச் சருகு நல்லது? மாவிலை உக்காதாம், உண்மையோ?

உக்கும், ஆனால் ஆறுதலாக. மா, பலா இரண்டின் இலையும் தடித்து மெழுகுப் பூச்சுள்ளவை. முழு இலையாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கூரை ஓடு அடுக்கியதுபோல ஆகி மழைநீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் அவற்றை வெயிலில் காயவிட்டு, சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கிவிடுவேன். (பேரப்பிள்ளைகள் வந்தால் இந்த வேலைக்கு ஆள் தேடத் தேவையில்லை.) மெதுவாக உக்குவதால் தென்னைக்கும் எலுமிச்சைக்கும் மா, பலாச் சருகுதான் நல்லது, ஆண்டு முழுவதும் நின்றுபிடிக்கும்.

பூவரசு, முள்முருக்கு, கிளிரிசிடியா (சீமைக்கிளுவை) ஆகியவற்றின் பச்சைக் குழை (இலையோடு வெட்டிய கொப்பு) இதற்கு நேரெதிர். சில கிழமைகளில் உக்கிச் சத்தாக மாறிவிடும். முள்முருக்கும் கிளிரிசிடியாவும் அவரைக் குடும்பத்து மரங்கள், இலையில் நைதரசன் அதிகம். எங்கள் பாட்டன்மார் வண்டிலில் குழை ஏற்றிவந்து தோட்டத்துக்குப் போட்டதும் தரையில் காவிளாய்ச் செடி தேடிப் பிடுங்கியதும் அந்தச் சத்துக்குத்தான். கத்தரி, மிளகாய், வெண்டிக்கு அடியில் கொஞ்சம் குழை, அதன்மேல் காய்ந்த சருகு. நான் செய்வது இப்படி.

மர ஆலைத் தூளை ஒருவரும் கேட்காமலே கொண்டுவந்து தருகிறார்கள். நடைபாதைக்குப் போடுவேன், மரக்கறிப் பாத்திக்குப் போடமாட்டேன். காரணம் கீழே வைக்கல் கேள்வியில் வருகிறது.

பனையோலையைத் தாழ்க்கிறதுதானே எங்கட வழக்கம்? மேல போட்டால் என்ன?

வேலி புதுக்கும்போது கழற்றிய பழைய ஓலையைத் தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். நல்ல வழக்கம். கீழே கிடந்து ஈரம் பிடித்து மெதுவாக உக்கும். இப்போது பாதி வேலி தகரம், மீதி மதில். தாழ்க்க ஓலையும் இல்லை, கிடங்கு வெட்ட ஆளும் இல்லை.

காவோலை விழுந்தால் நான் மட்டையைத் தறித்து அடுப்புக்கு எடுத்துக்கொண்டு, ஓலையை ஒரு முழத் துண்டாக வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் இடையில் விரிக்கிறேன். விரிந்த ஓலை காற்றுக்குப் பறக்கும், அதனால் மேலே ஒரு மட்டையை வைத்துவிடுங்கள். இன்னுமொன்று, மார்கழி, தையில் கிழங்கு கிண்டியெடுத்த பனம்பாத்தியின் மண் பொலபொலவென்று இருக்கும். அதைக் கலைத்துவிடாமல் மேலே சருகைப் போட்டுப் பயற்றை நட்டுப் பாருங்கள். புழுக்கொடியலுக்குக் கிழங்கு அவிக்கும் அவசரத்தில் அந்த மண்ணை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆட்டுக்கே குழை காணாது. நீங்கள் மண்ணுக்குப் போடச் சொல்லுறியள்.

நியாயமான கோபம். மாரியில் ஆட்டை அவிழ்த்து மேயவிட முடியாது, கொட்டிலுக்குக் குழை வெட்டியே தீரவேண்டும். என் கணக்கு: குழை முதலில் ஆட்டுக்கு, வைக்கல் முதலில் மாட்டுக்கு. ஆடு கடித்துவிட்டு மிச்சம் விடும் தடியும் காம்பும், கொட்டிலில் மிதிபட்டுச் சிறுநீரில் ஊறிய வைக்கலும் மூடாக்குக்கு. புதுக் குழையைவிட அது திறமான சாமான். ஆனால் புழுக்கை கலந்த ஈரக் குப்பையை இளம் நாற்றுக்குக் கிட்டப் போடவேண்டாம், சூடு பிடிக்கும். ஒரு மாதம் கிடக்கவிட்டுப் போடுங்கள்.

வைக்கல் போட்டதிலயிருந்து கத்தரி மஞ்சளாப் போச்சு. சத்தை வைக்கல் உறிஞ்சுதோ?

வைக்கலைப் போட்டீர்களா, கொத்திக் கலந்தீர்களா என்று முதலில் கேட்பேன். இந்த முறைப்பாட்டோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் கலந்தவர்கள். வைக்கலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது, எழுபது பங்கு காபன் இருக்கிறது. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ இருபத்தைந்துக்கு ஒன்று என்ற அளவில் தேவை. குறைகிற நைதரசனை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் அதுவரை பட்டினி. மரத்தூளில் காபன் இன்னும் பலமடங்கு. மேலே பரப்பிவிட்டால் இந்தச் சண்டை மண்ணும் வைக்கலும் தொடுகிற மெல்லிய படையில்தான் நடக்கும், வேருக்கு எட்டாது.

கலந்துவிட்டீர்கள் என்றால் பயப்படவேண்டாம். உக்கிய ஆட்டெரு கொஞ்சம் தூவுங்கள், அல்லது குழை போடுங்கள். சில கிழமையில் தெளியும். மாரியில் மஞ்சளாவதற்கு வேர் தண்ணீரில் நிற்பதும் ஒரு காரணம். அதைப் பள்ளக் காணிக் கேள்வியில் சொல்கிறேன்.

சருகுக்குள்ள பாம்பு வந்து படுக்காதோ ரீச்சர்?

வரும். இதில் நான் சமாளித்துப் பதில் சொல்லமாட்டேன். மழைத் தண்ணீரால் புற்றும் பொந்தும் நிரம்பிவிட, பாம்பு மேட்டுக்கும் காய்ந்த இடத்துக்கும் வருகிறது. எலி, தவளை இருக்கிற இடத்துக்கு அது வரத்தான் செய்யும். புடையன், நாகம், சுருட்டை மூன்றும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் பாம்புக்குப் பிடித்தது நாலு அங்குலச் சருகைவிட, குவித்துவைத்த மட்டை, ஓடு, கல்லு, விறகுதான். குவியலை எடுத்துவிட்டுப் பரப்பலை வைத்திருப்பது நல்லது.

வீட்டைச் சுற்றியும் கிணற்றடியிலும் கொட்டிலுக்குப் போகிற பாதையிலும் மூடாக்குப் போடாதீர்கள். சருகுக்குள் கை வைக்க முதல் ஒரு தடியால் தட்டுங்கள். இருட்டினால் டோர்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்கவேண்டாம். மட்டத்தேளுக்கும் இதே புத்திதான். கடித்துவிட்டால் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே அரசாங்க ஆசுபத்திரிக்கு.

நத்தை எல்லாத்தையும் திண்டு முடிக்குது. மூடாக்காலதான் வந்ததோ?

மூடாக்கு நத்தையை உண்டாக்குவதில்லை, ஆனால் பகலில் படுக்க இடம் கொடுக்கிறது. ஆபிரிக்கப் பெருநத்தை வந்த வளவில் இளநாற்றுப் பாத்தியை மாரி முடியும்வரை மூடாமல் விடுவதே நல்லது. பின்னேரம் ஒரு ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாசித் தோல் போட்டுவிடுங்கள். விடிய அதற்குள் கூடியிருக்கும். உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடலாம், அந்த உப்புத் தண்ணீரை மட்டும் பாத்தியில் ஊற்றவேண்டாம். வெறுங்கையால் தொடாதீர்கள், அதன் உடம்பில் மனிதரைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

நுளம்பு? பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பிடிப்பாரே.

டெங்கு நுளம்பு பெரும்பாலும் தேங்கிநிற்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். பரந்து கிடக்கிற சருகில் தண்ணீர் தேங்காது. தேங்குவது அதற்குள் மறைந்து கிடக்கிற சிரட்டை, யோகட் கோப்பை, வளைந்த கங்குமட்டை, பொலித்தீன் மடிப்பில். எங்கள் மாவட்டத்தில் டெங்கு ஏறுவது மாரியை ஒட்டித்தான், ஆகவே மூடாக்குப் போடுகிறவர்கள் கிழமைக்கு ஒருமுறை ஒரு நடை சுற்றிவாருங்கள். பெரிய இலைகள் குழிந்து கிடந்தால் கவிழ்த்துவிடுங்கள்.

நுளம்பைவிட எனக்குப் பயம் எலி. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் வந்து உயிர்கள் போனதை மறக்கவில்லை. வெள்ளம் நின்ற பாத்தியில் கால் புண்ணோடு இறங்காதீர்கள். வயலில், சேற்றில் வேலை செய்கிறவர்களுக்குத் தடுப்புக் குளிசை உண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோலோடு நாளைக் கடத்தவேண்டாம்.

கறையான் வந்து வீட்டு நிலையை அரிச்சிடாதோ?

சுவரிலிருந்து இரண்டு முழம் விட்டால் போதும். வளவுக்குள் கறையான் சருகையும் ஓலையையும் தின்பது அதன் தொழில், உக்குகிற வேலையில் பாதியை அதுதான் செய்கிறது. பச்சை மரத்தை அது பெரும்பாலும் தொடாது. காய்ந்து வாடிய கன்றைத் தொடும். புதிதாக நட்ட தென்னம்பிள்ளைக்கு மட்டும் அடியைக் கவனியுங்கள்.

வெங்காயத்துக்குப் போடலாமோ?

சின்ன வெங்காயத்துக்கு நான் தடிப்பாகப் போடுவதில்லை. அதன் கழுத்து காற்றுப்பட்டுக் காயவேண்டும், ஈரச் சருகு அணைத்தால் அழுகல் வரும். மழை முடிந்து நட்டிருந்தால், மண் கண்ணுக்குத் தெரிகிற அளவு மெல்லிய வைக்கல். கிண்டுகிற காலம் கிட்டும்போது அதையும் ஒதுக்கிவிடுவேன். இதற்கு நேரெதிர் இஞ்சி, மஞ்சள், இராசவள்ளி. அவற்றுக்கு எவ்வளவு போட்டாலும் காணாது. தைக்கு இராசவள்ளி கிண்டும்போது மூடிய இடத்தில் மண்வெட்டி இறங்குகிற சுகமே வேறு.

வாழைக்கு?

நீர்வேலிப் பக்கத்து வாழைக்காரர் சருகை இடைவரியில் போடுவார்கள், அடியில் போடமாட்டார்கள். கிழங்கைத் துளைக்கிற வண்டு ஈரச் சருகுக்கும் பழைய தண்டுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். குலை வெட்டிய தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பிளந்து காயவிட்டே போடுங்கள்.

எங்கட காணி பள்ளம். கார்த்திகையில தண்ணி நிக்கும். என்ன செய்யிறது?

மூடாதீர்கள். முதலில் வாய்க்கால், பிறகு உயர்த்திய பாத்தி, அதன்பிறகுதான் மூடாக்கு.

இது எனக்குப் பட்ட புத்தி. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழை கொட்டி நல்லூர்க் கோயிலுக்குள்ளும் வெள்ளம் போன கிழமை. எங்கள் வளவின் வடக்கு மூலை கொஞ்சம் தாழ்வு, செம்மண்தானே, இறங்கிவிடும் என்று இருந்துவிட்டேன். அங்கே நின்ற அறுபது மிளகாய்க் கன்றுக்கு முழு மாவிலையை ஆறு அங்குலம் போட்டிருந்தேன். மழை விட்டு மூன்றாம் நாள் மற்றப் பாத்தியெல்லாம் காயத் தொடங்க, இந்த மூலை மட்டும் நொதித்த மணத்தோடு கிடந்தது. சருகை வாரி எடுக்கும்போதே கன்று கையோடு வந்தது, வேர் கறுத்துப் போயிருந்தது. மேலே மாவிலைக்கும் அங்குலத்துக்கும் நான் ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பது இப்போது விளங்கும். பெரும் மழை அறிவித்தல் வந்தால் இப்போது அந்த மூலையில் சருகை வரம்புக்கு இழுத்துவிட்டு, மண் வெளுத்தபின் திருப்பிப் போடுகிறேன்.

நாங்கள் புங்குடுதீவு. கிணறு சவர், உப்புத் தண்ணி. உங்கட கதை எங்களுக்குச் சரிவருமோ?

உங்களுக்குத்தான் கூடச் சரிவரும். வெயிலுக்கு மண்ணின் ஈரம் மேலே ஏறி ஆவியாகப் போகும்போது உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. கோடையில் வெள்ளையாகப் பூக்கிறதே, அது அந்த உப்புத்தான். மூடினால் ஆவியாவது குறையும், உப்பு ஏறுவதும் குறையும். மாரி மழை உப்பைக் கீழே கழுவிவிட்டிருக்கிற மார்கழிக் கடைசியில் மூடுவது உங்களுக்கு எங்களைவிட அவசியம்.

கரையில் ஒதுங்குகிற சாதாளை என்ற கடற்செடியையும் பாவிக்கலாம். புதிதாக அள்ளிவந்து பாத்தியில் போடாதீர்கள். ஐப்பசியிலேயே அள்ளி, பயிர் இல்லாத ஒரு மேட்டில் குவித்து மாரி மழையில் உப்பைக் கழுவவிட்டு, தையில் எடுங்கள். மருதங்கேணிப் பக்கத்து மணல் காணிக்காரருக்கும் இதுதான் பதில். மணலில் சருகு சீக்கிரம் காணாமல் போகும், நாங்கள் ஒருமுறை போடுகிற இடத்தில் நீங்கள் இரண்டுமுறை போடவேண்டிவரும்.

பொலித்தீன் போட்டால் ஒரே வேலையா முடியுமே?

தோட்டமாகச் செய்து சந்தைக்குக் கொடுக்கிற மிளகாய்க்காரர் போடுகிறார்கள், நான் குறைசொல்லமாட்டேன். வெள்ளிப் பக்கம் மேலே இருந்தால் வெளிச்சம் தெறித்து வெள்ளை ஈயும் பனிப்பூச்சியும் குறையும், இலைச்சுருள் வருத்தமும் குறையும். ஆனால் மழை உள்ளே இறங்காது, சொட்டு நீர்க் குழாய் வேண்டும், வெயிலில் நொருங்கினால் துண்டு துண்டாக மண்ணில் கிடக்கும். வீட்டு வளவுக்கு வேண்டாம். நாலு பரப்பில் நொருங்கிய பொலித்தீன் பொறுக்குகிற வயது எனக்கு இல்லை.

கோரை மூடாக்கையும் குத்திக்கொண்டு வருது. பார்த்தீனியத்தை வெட்டி மேல போடலாமோ?

கோரை பொலித்தீனையே குத்தும், சருகு எம்மாத்திரம். மூடாக்கு அடக்குவது விதையில் முளைக்கிற களையை. கோரைக்கும் அறுகுக்கும் கிழங்கோடு கிண்டுவதுதான் வழி, மூடிய மண் மெத்தென்றிருப்பதால் கிண்ட இலகு. தடித்த காட்போட் மட்டையை ஈரமாக்கி விரித்து மேலே சருகு போட்டால் கொஞ்சநாள் பிந்தும். அதில் ஒட்டிய நாடாவை உரித்துவிட்டுப் போடுங்கள்.

பார்த்தீனியம் இந்திய அமைதிப்படை காலத்தில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். வந்த விதம் எப்படியோ, பூத்த செடியை மூடாக்காகப் போட்டால் அடுத்த மழைக்கு நாற்றுமேடைதான். பூக்க முதல், கையுறை போட்டு, வேரோடு பிடுங்கினால் காயவிட்டுப் போடலாம். தோல் கடி (அரிப்பு) உள்ளவர்கள் கிட்டவே போகவேண்டாம்.

எரிச்சால் சாம்பலும் பசளைதானே? ஏன் இவ்வளவு கஷ்டம்?

எரித்தால் காபனும் நைதரசனும் புகையாகப் போய், பொற்றாசியமும் சுண்ணாம்புச் சத்தும் சாம்பலில் மிஞ்சும். எங்களுக்குக் கீழே சுண்ணக்கல், கிணற்றில் வருவது கல்லுத்தண்ணி. இன்னும் சுண்ணாம்பு கூட்டுகிற தேவை எங்கள் மண்ணுக்கு இல்லை. அடுப்புச் சாம்பல் ஒரு பிடி தூவுவது வேறு, வளவுச் சருகு முழுவதையும் கொளுத்துவது வேறு. மார்கழி விடியப்புறம் திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போகிறபோது ஒழுங்கை முழுக்கப் புகை நிற்கும். இழுப்பு வருத்தக்காரரைக் கேளுங்கள்.

மூடாக்குப் போட்டால் பசளை வேண்டாமோ? கிணற்றுக்கும் நல்லதெண்டு சொல்லுறியளே.

1990களின் பொருளாதாரத் தடையில் யூரியா வராமல் இருந்தபோதும், 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோதும் எல்லாரும் சருகைத் தேடினார்கள். கைவிட்ட மண் ஒரு போகத்தில் திரும்பாது. மூடாக்கு மட்டும் போட்டு உருளைக்கிழங்கு போன்ற பசிகொண்ட பயிரை விளைவிக்க முடியாது, எரு வேண்டும். மூன்று நாலு ஆண்டு தொடர்ந்து மூடிய என் பாத்திகளுக்குப் பசளையைக் குறைத்திருக்கிறேன், நிறுத்தவில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண்ணைப் பரிசோதித்துத்தான் சொல்லலாம், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கிணற்று விஷயம் இது. தோட்டக் கிராமங்களில் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு அனுமதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. பெருமழைக்கு முதல் நாள் வெறும் செம்மண்ணில் யூரியா எறிந்தால் அது பயிருக்குப் போகமுதல் கிணற்றுக்குப் போய்விடும். மூடாக்கில் சத்து மெதுவாகக் கசிகிறது, அது உதவி. ஆனால் எருக் கும்பியைக் கிணற்றடியில் வைத்துக்கொண்டு பாத்தியில் சருகு போட்டுப் பிரயோசனமில்லை. மலசலகூடக் குழியும் தன் பங்குக்கு விடுகிறது, அதற்கு மூடாக்கில் மருந்தில்லை.

கடைசியா ஒண்டு. உங்கட முற்றத்தில மட்டும் ஒரு இலையும் இல்லையே, அதென்ன ரீச்சர்?

அம்மாவின் சட்டம். தொண்ணூறு தாண்டியும் ஈர்க்குமாறு அவர் கையில்தான். வாசலில் சருகு கிடந்தால் ஆளில்லாத வீடு என்று நினைப்பார்கள் என்பார். பாம்புக் கேள்வியில் சொன்ன காரணத்தால் எனக்கும் அதில் மறுப்பில்லை. அவர் கூட்டிக் குவிப்பார், நான் கடகத்தில் அள்ளிக்கொண்டு போய் எலுமிச்சையடியில் கொட்டுவேன். கோழி அதைக் கிளறி மறுபடி முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடும். கோழிக்கு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். மேலே மட்டையை வைத்துப் பார்த்தேன், வலை கட்டிப் பார்த்தேன், இப்போது பாத்திக்கு வேலி, கோழிக்கு மரத்தடி என்று விட்டிருக்கிறேன்.